பகையாளிக்குத் திறந்த கதவு

1982 மார்ச் 30. புவெனஸ் ஐரஸ் நகரின் பிளாசா தெ மாயோ சதுக்கத்தை நோக்கித் தொழிலாளர்கள் திரண்டு வந்தார்கள். அர்ஜென்டினாவை ராணுவத் தளபதிகள் கைப்பற்றி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. விலைவாசி கைமீறிப் போயிருந்தது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. இரவில் வீடு புகுந்து இழுத்துச் செல்லப்பட்ட பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று கேட்டு, தாய்மார்கள் அதே சதுக்கத்தை வாரம் தவறாமல் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்கள். அன்றைய ஊர்வலத்தின் முழக்கம் மூன்றே சொற்கள்தான்: ரொட்டி, சமாதானம், வேலை. குதிரைப் போலீசும் கண்ணீர்ப்புகையும் தடியடியுமே பதிலாகக் கிடைத்தன. ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள்.

ஏப்ரல் 2. அதே சதுக்கம் மறுபடியும் நிரம்பியது. இம்முறை போலீஸ் யாரையும் அடிக்கவில்லை. அன்று அதிகாலையில் அர்ஜென்டின ராணுவம் தெற்கு அட்லாண்டிக்கில் பிரிட்டன் வசமிருந்த ஃபாக்லாந்து தீவுகளில் இறங்கியிருந்தது. அர்ஜென்டினர்களுக்கு அவை மால்வினாஸ். பள்ளிக்கூடத்தில் வரைபடம் வரையும் வயதிலிருந்தே தங்கள் சொத்தென்று நெஞ்சில் பதிந்த தீவுகள். ராணுவ ஆட்சியின் தலைவர் ஜெனரல் கால்தியெரி அரண்மனை மாடத்துக்கு வந்து கையை உயர்த்தினார். கீழே கொடிகள் ஆடின. மூன்று நாள் முன்பு சமாதானம் கேட்டு வந்த நகரம் போருக்குக் கைதட்டியது.

மக்கள் போரை விரும்புவதில்லை, ஆள்பவர்கள்தான் விரும்புகிறார்கள் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தச் சதுக்கம் நினைவுக்கு வருகிறது. ஜனநாயக நாடுகள் ஒன்றோடொன்று போரிடுவதில்லை என்ற கருத்து உலக அரசியலில் வெகுகாலமாகப் பேசப்படுகிறது. அந்தக் கருத்தில் உண்மை உண்டென்றே நான் நம்புகிறேன். ஆனால் அந்த உண்மை நாம் வழக்கமாகத் தேடும் இடத்தில் இல்லை. கூட்டத்தின் நல்லெண்ணத்தில் இல்லை, வாக்குச்சீட்டில் மட்டுமாகவும் இல்லை.

ஃபாக்லாந்து போர் 74 நாள் நடந்தது. அர்ஜென்டினா தரப்பில் 649 பேர், பிரிட்டன் தரப்பில் 255 பேர், தீவுவாசிகள் மூன்று பேர் மாண்டார்கள். அர்ஜென்டினா அனுப்பியவர்களில் பலர் கட்டாய ராணுவச் சேவைக்கு வந்த பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள். கொரியென்டெஸ், சாக்கோ போன்ற வெப்பமான வட மாகாணங்களிலிருந்து வந்தவர்கள், தெற்கு அட்லாண்டிக்கின் குளிர்ந்த கடல் காற்றில் ஈரப் பதுங்குகுழிகளுக்குள் கிடந்தார்கள். ஜூன் 14 அன்று தீவுகளில் இருந்த படை சரணடைந்தது. சில நாட்களில் கால்தியெரி பதவியிழந்தார். அடுத்த ஆண்டு அக்டோபர் 30 அன்று தேர்தல் நடந்து, ரவுல் அல்ஃபோன்சின் என்ற வழக்கறிஞர் அதிபரானார்.

எதிர்த்தரப்பு ஜனநாயக நாடுதான். அங்கும் போர் வாக்குகளைக் கொண்டுவந்து குவித்தது. பிரதமர் மார்கரெட் தாட்சரின் செல்வாக்கு போருக்கு முன் தாழ்ந்திருந்தது. 1983 ஜூனில் பெரும் வெற்றியோடு அவர் திரும்பி வந்தார். ஜெனரல் பெல்கிரானோ கப்பல் மூழ்கடிக்கப்பட்டபோது இறந்த 323 அர்ஜென்டின மாலுமிகளைப் பற்றி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் கேள்விகள் எழுந்தன. கேள்வி கேட்க இடமிருந்தது என்பது உண்மை. அந்தக் கேள்விகள் தேர்தலை மாற்றவில்லை என்பதும் உண்மை.

கல்லறை வரைந்த சத்திரப் பலகை

1795-இல், கோனிக்ஸ்பெர்க் என்ற பிரஷ்ய துறைமுக நகரில், 71 வயதான இம்மானுவேல் கான்ட் ‘நிலையான சமாதானம்’ பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். ஹாலந்து நாட்டுச் சத்திரம் ஒன்றின் பெயர்ப்பலகையில் அதே சொற்களும், அவற்றோடு ஒரு கல்லறைத் தோட்டத்தின் படமும் இருந்ததை நூலின் தொடக்கத்திலேயே சொல்கிறார். செத்தவர்களுக்குத்தான் நிலையான சமாதானமா என்ற கேள்வியோடு அவர் வேலையைத் தொடங்குகிறார்.

அவருடைய வாதம் எளிமையானது. போருக்கான வரியைக் கட்டுபவர்கள், பிள்ளைகளைப் பலி கொடுப்பவர்கள், போர் முடிந்தபின் கடனைச் சுமப்பவர்கள் எல்லோரும் குடிமக்கள். அவர்கள் சம்மதமில்லாமல் போர் கூடாது என்ற அமைப்பு இருந்தால், அவர்கள் நிறைய யோசிப்பார்கள். மன்னனுக்கோ போர் வேட்டைக்குப் போவது போல. அவன் விருந்தில் ஒரு பிடி சோறும் குறையாது. இதற்கு கான்ட் வைத்த பெயர் குடியரசு. நேரடி ஜனநாயகத்தின்மீது அவருக்கு நம்பிக்கை இல்லை. சட்டமும் பிரதிநிதிகளும் அதிகாரப் பிரிவும் இல்லாமல் பெரும்பான்மை நினைத்ததெல்லாம் நடக்குமானால் அதுவும் கொடுங்கோன்மைதான் என்றார். பிளாசா தெ மாயோவை அவர் பார்த்ததில்லை. ஆனாலும் அது அவருக்குத் தெரிந்திருந்தது என்றே தோன்றும்.

கோனிக்ஸ்பெர்க் இன்று ரஷ்யாவின் கலினின்கிராட். கான்டின் சமாதி அங்கே தேவாலயச் சுவரை ஒட்டி இருக்கிறது. 2022 முதல் உக்ரைனில் முழுப்போர் நடத்திவரும் அரசின் கொடி அந்த ஊரில் பறக்கிறது.

கான்டின் நூல் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் தத்துவ வகுப்புகளுக்குள் இருந்தது. 1983-இல் அமெரிக்க அறிஞர் மைக்கேல் டாயில் அதை எடுத்து, உலகப் போர்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். தாராளவாத ஜனநாயக நாடுகள் மற்றவர்களோடு தாராளமாகவே போரிட்டிருக்கின்றன. தங்களுக்குள் மட்டும் போரிட்டதில்லை என்ற முடிவுக்கு வந்தார். அதிலிருந்து நூற்றுக்கணக்கான ஆய்வுகள் கிளம்பின. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் பின்லாந்தின் மீது போர் அறிவித்ததை என்ன செய்வது, 1898-இல் அமெரிக்காவோடு போரிட்ட ஸ்பெயினை ஜனநாயகம் என்று சொல்லலாமா என்று இன்னமும் வாதாடுகிறார்கள்.

அந்த வாதங்களுக்குள் நான் போகப்போவதில்லை. ஆனால் கணக்கைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய போர்த் தரவுத் திட்டம் வகுத்த அளவுகோலையே பெரும்பாலான ஆய்வாளர்கள் கையாள்கிறார்கள். அதன்படி, படையினர் ஆயிரம் பேராவது செத்தால்தான் அது போர். ஆயிரத்துக்குக் கீழே என்றால் பட்டியலில் ஏறாது. பாக் நீரிணையில் அண்டை நாட்டுக் கடற்படையின் குண்டுக்கு இரையான ராமேஸ்வரம், நாகப்பட்டினம் மீனவர்கள் இந்தக் கணக்கில் எங்குமே இல்லை. எதிர்க்கரையில் தமிழ்நாட்டு இழுவைப் படகுகளால் வலையும் வாழ்க்கையும் கிழிந்துபோன வடமாகாண மீனவர்களும் இல்லை. இந்தியா, இலங்கை இரண்டுமே வாக்குரிமை உள்ள நாடுகள். அவை போரிடவில்லை என்று ஏடு சொல்கிறது. ஏடு சொல்வது பொய்யில்லை. ஆனால் பிணத்துக்காகக் கரையில் காத்திருந்த குடும்பத்திடம் போய் இரு நாடுகளும் சமாதானமாக இருக்கின்றன என்று என்னால் சொல்ல முடியாது.

மீனுக்காகவே இன்னொரு மோதலும் நடந்தது. 1958-லிருந்து 1976 வரை மூன்று தடவை ஐஸ்லாந்தும் பிரிட்டனும் வட அட்லாண்டிக்கில் முட்டிக்கொண்டன. ஐஸ்லாந்துக்கு ராணுவமே கிடையாது. மக்கள்தொகை இரண்டு லட்சத்துச் சொச்சம். அதன் கடலோரக் காவல் படகுகள் பிரிட்டிஷ் இழுவைப் படகுகளின் பின்னால் போய், கம்பிவடத்தை அறுத்து வலையைக் கடலுக்குள் விட்டன. பிரிட்டன் போர்க்கப்பல்களை அனுப்பியது. கப்பலும் கப்பலும் இடித்துக்கொண்டன. கடைசியில் 200 கடல்மைல் வரை ஐஸ்லாந்தின் மீன்பிடி உரிமையை பிரிட்டன் ஏற்றுக்கொண்டது. ஐஸ்லாந்தில் இருந்த நேட்டோ தளத்தை இழக்கும் பயமும் அதற்கு ஒரு காரணம். ஜனநாயகப் பண்பு மட்டுமே என்று பாராட்டிவிட முடியாது. ஆனாலும் பீரங்கி வைத்திருந்தவன், கத்தரி வைத்திருந்தவனைச் சுடவில்லை. அப்படிச் சுட்டிருந்தால் சொந்த நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று என்ன சொல்வது?

அணையும் ஆழ்துளையும்

இனி நான் சொல்லவந்த கதைக்கு வருகிறேன். அர்ஜென்டினாவும் பிரேசிலும் தென் அமெரிக்காவின் இரண்டு பெரிய பங்காளிகள். 1820-களில் இன்றைய உருகுவே நிலத்துக்காகப் போரிட்டவர்கள். அதன்பின் நேரடிப் போர் அரிதானாலும் பகை வற்றவில்லை. பிரேசில் ராணுவக் கல்லூரிகளில் எதிரி என்று எழுதிப் பயிற்சி எடுத்தால் அந்த எதிரி அர்ஜென்டினாதான், அங்கேயும் அப்படியே.

1964-இல் பிரேசிலை ராணுவம் பிடித்தது. 1976-இல் அர்ஜென்டினா மறுபடியும் ராணுவத்திடம் போனது. இரு நாடுகளும் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தன; இரண்டும் யுரேனியம் செறிவூட்டும் தொழில்நுட்பத்தைத் தேடின. இதற்கிடையே பிரேசில், பராகுவேயுடன் சேர்ந்து பரானா ஆற்றில் இத்தாய்ப்பு அணையைக் கட்டத் தொடங்கியது. அந்த அணையின் மதகுகளைப் பிரேசில்காரன் ஒரு நாள் திறந்துவிட்டால் புவெனஸ் ஐரஸ் மூழ்கிவிடும் என்று அர்ஜென்டினாவில் பேசிக்கொண்டார்கள். ஆற்றுக்குக் கீழே இருக்கிறவன் பயம் என்னவென்று தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நமக்குத் தண்ணீர் வராதோ என்ற பயம்; அவர்களுக்கு ஒரேயடியாக வந்துவிடுமோ என்ற பயம்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த ஆற்றுச் சிக்கலைத் தீர்த்தவர்கள் சர்வாதிகாரிகள்தான். 1979 அக்டோபரில் மூன்று நாட்டு ராணுவ அரசுகளும் நீர்மட்டம் பற்றி உடன்பாட்டுக்கு வந்தன. 1980-இல் பிரேசில், அர்ஜென்டினா தளபதிகள் அணுசக்தியில் ஒத்துழைக்கவும் கையெழுத்துப் போட்டார்கள். தளபதிகளுக்குச் சமாதானமே தெரியாது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்.

ஆனால் அந்தத் தாள்களுக்கு அடியில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அர்ஜென்டினாவின் தெற்கே, பரிலோசே நகருக்கு அருகில் உள்ள பில்கானியேவு என்ற வறண்ட மேட்டுநிலத்தில், 1978 முதல் ஒரு செறிவூட்டல் ஆலையை ரகசியமாகக் கட்டினார்கள். பிரேசிலிலோ தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் ஆளுக்கொரு ரகசிய அணுத்திட்டம் வைத்திருந்தன. பணம் ரகசிய வங்கிக் கணக்குகள் வழியாக வந்தது. அமேசான் பகுதியின் கஷிம்போ மலையில் விமானப்படை 300 மீட்டருக்கும் மேல் ஆழத்துக்கு ஒரு துளையை வெட்டி வைத்தது. அணுகுண்டுச் சோதனையைத் தவிர அவ்வளவு ஆழமான துளைக்கு வேறு வேலை என்ன?

கையெழுத்து இருந்தது, கதவு மூடியிருந்தது. ஒருவர் வீட்டுக்குள் என்ன நடக்கிறதென்று அடுத்தவருக்குத் தெரியாது. தெரியாதபோது மோசமானதைத்தானே நினைக்கத் தோன்றும்?

1983 நவம்பரில், தேர்தல் முடிந்து அல்ஃபோன்சின் பதவியேற்கக் காத்திருந்த இடைவெளியில், பில்கானியேவு ரகசியத்தை அர்ஜென்டினா வெளியிட்டது. செறிவூட்டல் கைவந்துவிட்டது என்ற செய்தி. பதவியேற்ற அல்ஃபோன்சின் அணுசக்தித் துறையின் தலைமையைக் கடற்படையிடமிருந்து பிடுங்கி, சிவிலியன் ஒருவரிடம் கொடுத்தார். ராணுவச் செலவை வெட்டினார். 1985-இல் முந்தைய ஆட்சியின் தளபதிகளைச் சாதாரண நீதிமன்றத்தில் நிறுத்தி விசாரிக்க வைத்தார். காணாமற் போனவர்களைப் பற்றி அவர் அமைத்த ஆணையம் பெயர் பெயராகப் பதிந்த எண்ணிக்கை மட்டுமே 8,961; மனித உரிமை அமைப்புகள் 30,000 என்கின்றன.

சிலியோடு பீகிள் கால்வாய்த் தீவுகளுக்கான தகராறும் இருந்தது. 1978 டிசம்பரில் அர்ஜென்டினக் கப்பல்கள் போருக்கே புறப்பட்டுவிட்டன. புயலும் போப்பின் தலையீடும் தடுத்தன. போப் 1980-இல் தந்த தீர்வுக்குத் தளபதிகள் பதிலே சொல்லவில்லை. அல்ஃபோன்சின் போப்பின் நடுநிலையில் எட்டிய உடன்பாட்டை மக்கள் முன்னால் வைத்தார். 1984 நவம்பர் 25 அன்று நடந்த வாக்கெடுப்பில் 80 விழுக்காட்டுக்கும் மேலானவர்கள் சமாதானத்துக்கு ஆம் என்றார்கள். இரண்டரை ஆண்டு முன்பு சதுக்கத்தில் கைதட்டியவர்களும் அவர்களுக்குள் இருந்திருப்பார்கள். இரண்டரை வருடத்தில் ஒரு நாட்டு மக்களின் குணமா மாறிவிட்டது? கேட்கும் முறை மாறியது. சதுக்கத்தில் முடிவு எடுக்கப்பட்டபின் அவர்களைக் கூப்பிட்டார்கள். வாக்கெடுப்பில், முடிவுக்கு முன் கூப்பிட்டார்கள். இரு தரப்பும் தொலைக்காட்சியில் விவாதித்தபின் கூப்பிட்டார்கள். தனித்தனியாக, ரகசியமாகக் கேட்டார்கள். அப்போது சிலியில் இருந்தது பினோசேயின் சர்வாதிகாரம் என்பதையும் மறைக்கக்கூடாது. ஒரு பக்கம் மட்டும் ஜனநாயகம் இருந்தாலும் சில நேரம் போதுகிறது.

பிரேசிலில் 1985 ஜனவரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட டான்கிரேடோ நெவெஸ், பதவியேற்புக்கு முந்தின இரவு நோயில் விழுந்து ஏப்ரலில் காலமானார். துணை அதிபர் ஜோஸே சர்னே அதிபரானார். அவர் ராணுவ ஆட்சியின் கட்சியில் இருந்தவர். ஜனநாயகப் போராளி என்று யாரும் அவரைக் கொண்டாடியதில்லை. அல்ஃபோன்சினோ அந்த ஆட்சிகளையே எதிர்த்து வந்தவர். அந்த ஆண்டு நவம்பர் இறுதியில் இகுவாசு ஆற்றின் குறுக்கே இரு நாடுகளையும் இணைக்கும் புதிய பாலத்தில் இருவரும் சந்தித்தார்கள். பாலத்துக்கு டான்கிரேடோ நெவெஸ் பெயர்.

அந்தப் பயணத்தில் அல்ஃபோன்சின் இத்தாய்ப்பு அணையைப் பார்க்கப் போனார். தன் நாட்டுக்காரர்கள் வெள்ள பயத்தோடு பேசிய அதே அணை. அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். ஒரு படம்தானே என்று தோன்றலாம். ஊரில் வாய்க்கால் தகராறில் பேச்சுவார்த்தை அறுந்த வீட்டுக்குள் ஒருவர் போய்த் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தால் அந்தத் தெருவுக்கு அது என்ன செய்தி?

அடுத்த ஆகஸ்டில், கஷிம்போ துளையைப் பற்றிய செய்தியை ஃபோல்யா தெ சாவோ பாவ்லோ நாளிதழ் வெளியிட்டது. தணிக்கைக் காலமாக இருந்தால் இந்தச் செய்தி வந்திருக்காது. சர்னே அரசுக்குச் சங்கடம். அர்ஜென்டினாவில் சந்தேகம் திரும்பவும் தலைதூக்கியது. இது சமாதானத்துக்குக் கேடு என்று அப்போது சிலர் நினைத்திருக்கக் கூடும். எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. சொந்த நாட்டுப் பத்திரிகையே துளையைக் காட்டிக்கொடுக்கும் ஒரு நாட்டை அண்டை நாடு நம்பத் தொடங்கலாம். நாளை இன்னொரு துளை வெட்டினால் அதுவும் வெளியே வரும் என்று தெரிகிறதே.

1987 ஏப்ரலில், ஈஸ்டர் வாரத்தில், அர்ஜென்டினாவில் முகத்தில் கரி பூசிய ராணுவ அதிகாரிகள் கலகம் செய்தார்கள். விசாரணைகளை நிறுத்து என்பது கோரிக்கை. லட்சக்கணக்கானோர் தெருவுக்கு வந்து அரசைக் காத்தார்கள். பிளாசா தெ மாயோ மறுபடியும் நிரம்பியது, இம்முறை துப்பாக்கிக்கு எதிராக. அதற்கு மூன்று மாதம் கழித்து, ஜூலையில், பிரேசில் அதிபர் சர்னே பில்கானியேவு போய் இறங்கினார். தளபதிகள் யார் கண்ணிலும் படாமல் கட்டிய ஆலைக்குள், அவர்கள் எதிரி என்று சொன்ன நாட்டின் அதிபரை அல்ஃபோன்சின் கூட்டிக்கொண்டு நடந்தார்.

செப்டம்பரில் பிரேசிலும் செறிவூட்டலில் வென்றது. உலகுக்கு அறிவிப்பதற்கு முன் சர்னே ஒரு தூதரிடம் கடிதம் கொடுத்து அல்ஃபோன்சினுக்குத் தெரியப்படுத்தினார். அடுத்த ஏப்ரலில், சாவோ பாவ்லோ மாநிலத்தின் இபேரோவில் பிரேசில் கடற்படையின் செறிவூட்டல் கூடத் திறப்பு விழாவுக்கு அல்ஃபோன்சினே வந்து நின்றார். 1988-இல் பிரேசில் எழுதிய புதிய அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, அணுசக்தி அமைதிப் பணிக்கு மட்டுமே, அதுவும் நாடாளுமன்றத்தின் ஒப்புதலோடு என்று வகுத்தது. 1990 செப்டம்பரில் அதிபர் கோலோர் கஷிம்போவுக்குப் போய் அந்தத் துளைக்குள் சுண்ணாம்பைக் கொட்டினார். 1991 மார்ச்சில் மெர்கோசூர் வணிகக் கூட்டமைப்பு. ஜூலையில் அணுப்பொருட்களைக் கூட்டாகக் கணக்கெடுத்துச் சோதிக்கும் முகமை. பிரேசில் ஆலைகளை அர்ஜென்டினாவின் சோதனையாளர்களும், அர்ஜென்டினா ஆலைகளைப் பிரேசிலின் சோதனையாளர்களும் பார்ப்பார்கள். அபாக் என்று அழைக்கப்படும் இந்த முகமையின் தலைமையகம் ரியோ தெ ஜனைரோவில் இருக்கிறது.

இதில் நான் முக்கியமாக நினைப்பது ஒன்றுண்டு. அல்ஃபோன்சினுக்கு அண்டை நாட்டோடு சமாதானம் தேவைப்பட்டது வெளியுறவுக் கொள்கைக்காக மட்டும் அல்ல. பிரேசில் எதிரி என்ற பேச்சு இருக்கும்வரை பாசறைக்கு வேலை இருக்கும், பணம் இருக்கும், அரசியலில் குரல் இருக்கும். பகை ஒழிந்தால்தான் தளபதி தன் இடத்துக்குத் திரும்புவார். ஜனநாயகம் சமாதானத்தைத் தருகிறது என்று புத்தகங்கள் சொல்கின்றன. இங்கே சமாதானம்தான் ஜனநாயகத்தைக் காப்பாற்றியது என்றும் சொல்லலாம்.

பின்வாசல்

அப்படியென்றால் பிரேசிலில் 1964-இல் அந்த ராணுவ ஆட்சி எப்படி வந்தது? மக்கள் தேர்ந்தெடுத்த ஜோவாவோ கூலார்த்தின் அரசைத் தளபதிகள் கவிழ்த்தபோது, அவர்களுக்கு உதவ அமெரிக்கா ஒரு கடற்படைப் பிரிவைத் தயாராக வைத்திருந்தது. தேவைப்படாததால் திருப்பி அனுப்பியது. அந்தத் திட்டத்தின் ஆவணங்கள் பன்னிரண்டு ஆண்டு கழித்து 1976-இல்தான் வெளியே வந்தன. ஈரானில் 1953-இல் மொசாதேக், குவாதமாலாவில் 1954-இல் அர்பென்ஸ். இரு ஆட்சிகளையும் கவிழ்த்ததில் அமெரிக்க உளவுத்துறையின் கை இருந்தது. சிலியில் அயெந்தேவுக்கு எதிராக அது கொட்டிய பணத்தை அமெரிக்க செனட்டின் குழுவே 1975-இல் அம்பலப்படுத்தியது.

ஜனநாயக நாடு, வாக்குரிமை பெற்ற இன்னொரு நாட்டின் அரசை வீழ்த்தியது. போர் என்ற பட்டியலில் இவை எதுவும் வராது. படை இறங்கவில்லை, ஆயிரம் சிப்பாய்கள் சாகவில்லை. ஆனால் இவற்றை ஏன் ரகசியமாகச் செய்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். வெளிப்படையாகக் கேட்டிருந்தால் அமெரிக்க வாக்காளர் சம்மதித்திருப்பாரா என்பது சந்தேகம் என்று வாஷிங்டனுக்கே தெரிந்திருந்தது. கான்டின் வாதம் இங்கே தோற்கவில்லை. அதை ஏமாற்றிப் பின்வாசல் வழியாகப் போனார்கள். 2003-இல் ஈராக்கில் நடந்தது இதைவிட மோசம். ஜனநாயகம் கொண்டுவருகிறோம் என்று சொல்லி அடுத்தவர் வீட்டுக் கதவை உடைத்தார்கள். உடைத்த கதவு வழியாக என்னவெல்லாம் உள்ளே வந்தது என்பதை ஈராக்கியர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அனுபவிக்கிறார்கள்.

தேர்தல் வந்தால் போதும் என்ற நம்பிக்கையையும் வரலாறு பொய்யாக்கியிருக்கிறது. எட்வர்ட் மேன்ஸ்ஃபீல்ட், ஜாக் ஸ்னைடர் என்ற இருவர் 1995-இல் காட்டியது இதைத்தான்: சர்வாதிகாரத்திலிருந்து ஜனநாயகத்துக்கு மாறிக்கொண்டிருக்கும் நாடுகளில் போர் ஆபத்து கூடுதல். வாக்குப்பெட்டி வந்துவிட்டது, ஆனால் நீதிமன்றமும் பத்திரிகையும் இன்னும் காலூன்றவில்லை என்றால், வாக்கு வாங்கச் சுலபமான வழி அண்டை இனத்தைக் காட்டுவதுதான். யூகோஸ்லாவியாவில் 1990-இல் தேர்தல், 1991-இல் போர்.

நமக்குப் பக்கத்திலும் ஒன்று நடந்தது. 1999 பிப்ரவரியில் வாஜ்பாய் பேருந்தில் வாகா எல்லையைத் தாண்டி லாகூர் போனார். அவரை வரவேற்ற நவாஸ் ஷெரீப்பும் தேர்தலில் வென்றவர். இருவரும் பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள். ஏப்ரல் 17 அன்று, அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டதால் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் வாஜ்பாய் ஒரே ஒரு வாக்கில் தோற்றார். டெல்லியில் காபந்து அரசு. மே மாதம் கார்கில் சிகரங்களில் ஊடுருவல் தெரியவந்தது. ஜூலையில் முடிந்த போரில் இந்தியா 527 வீரர்களை இழந்தது.

ஜனநாயக நாடுகள் போரிடுவதில்லை என்பதற்கு எதிரான சாட்சியாகக் கார்கிலை எல்லோரும் காட்டுகிறார்கள். எனக்கு அது வேறு விதமாகத் தெரிகிறது. தன்னிடம் முழு விவரத்தைச் சொல்லாமலேயே ராணுவம் இறங்கியது என்று ஷெரீப் பின்னாளில் சொன்னார். தளபதி முஷாரஃப் அதை மறுத்தார். யார் சொல்வது உண்மையாக இருந்தாலும் அந்தத் திட்டம் பாகிஸ்தான் நாடாளுமன்றத்தின் முன் வந்ததில்லை, எந்தப் பத்திரிகையும் அதை முன்கூட்டிக் கேள்வி கேட்டதில்லை. ஷெரீப்புக்கு வாக்குப்பெட்டியின் சாவி இருந்தது, பாசறையின் சாவி இல்லை. அக்டோபர் 12 அன்று பாசறை வந்து அவரையே தூக்கிச் சென்றது. அதே மாதத்தில் இந்தியாவில் வாக்கு எண்ணி, தேர்தலில் வென்ற வாஜ்பாய் மறுபடி பதவியேற்றார். ஏப்ரலில் ஒரு வாக்கில் தோற்றவர் நாடாளுமன்றத்தை விட்டு அமைதியாக எழுந்து போயிருந்தார். சிறைக்கும் போகவில்லை, வெளிநாட்டுக்கும் ஓடவில்லை. உள்ளூரில் தோற்கத் தெரிந்த ஆட்சிக்குத்தான் வெளியூரில் விட்டுக்கொடுக்கவும் தெரியும் என்று நான் நினைக்கிறேன். நம் நாட்டிலும் பாசறைக் கதவுகள் எல்லாம் திறந்து கிடக்கின்றன என்று இதற்குப் பொருள் இல்லை. தேசப் பாதுகாப்பு என்ற ஒரு சொல்லைச் சொல்லி எத்தனை கேள்விகளை நாமே வாயடைத்திருக்கிறோம் என்பதும் எண்ணிப் பார்க்க வேண்டியது.

முத்திரை

அர்ஜென்டினா 1995-இலும் பிரேசில் 1998-இலும் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தன. எல்லாம் முடிந்துவிடவில்லை. 2004-இல் பிரேசிலின் ரெசெண்டே ஆலையில் சுழல்விசை இயந்திரங்களைச் சர்வதேசச் சோதனையாளர்கள் பார்க்க முடியாதபடி பலகை கட்டி மறைத்து ஒரு சர்ச்சை எழுந்தது. தொழில்நுட்ப ரகசியம் என்று பிரேசில் வாதாடியது. இப்போது அது அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கான எரிபொருளை யார், எப்படிச் சோதிப்பது என்பது சிக்கலான கேள்வி.

அதிபர்களுக்கு இடையிலும் உறவு இனிக்கவில்லை. 2019 டிசம்பரில் அர்ஜென்டின அதிபராக அல்பெர்டோ ஃபெர்னாண்டெஸ் பதவியேற்றபோது பிரேசிலின் போல்சொனாரோ போகவில்லை; தேர்தலின்போதே அவரை வெளிப்படையாகத் தாக்கிப் பேசியிருந்தார். இப்போது அர்ஜென்டினாவில் மிலேய், பிரேசிலில் லூலா. ஊழல்வாதி, கம்யூனிஸ்ட் என்று மிலேய் லூலாவைத் திட்டினார்; மன்னிப்புக் கேள் என்று லூலா சொன்னார்; மாட்டேன் என்று மிலேய் பதில் சொன்னார். தளபதிகள் காலத்தில் இத்தகைய பேச்சு எல்லையில் படைகளை நகர்த்தியிருக்கும்.

இகுவாசு ஆற்றின் மேல் அந்தப் பாலம் இருக்கிறது. கைப்பிடிச் சுவர் பாதித் தூரம் பச்சையும் மஞ்சளும், மீதித் தூரம் வெளிர்நீலமும் வெள்ளையும். சாமான் வாங்கவும் அருவி பார்க்கவும் மக்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வருகிறார்கள். ரியோவிலிருந்து வரும் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓர் அர்ஜென்டின சோதனையாளர் பிரேசிலின் அணு ஆலை வாசலில் நிற்கிறார். காவலர் அட்டையைச் சரிபார்க்கிறார். உள்ளே போய்க் கொள்கலனின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, கையெழுத்திட்டு வெளியே வருகிறார். அதிபர்கள் பேசிக்கொள்கிறார்களா இல்லையா என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை.